புறஞ்சேரியில் இருத்தல்

"கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு மனை வருகிறது, வாங்கலாமா?" என்று வருஷத்துக்கு நான்கைந்து பேராவது என்னிடம் கேட்கிறார்கள். ஊரப்பாக்கத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவில் பல வருஷங்களாகக் குடியிருப்பவன், கடற்கரை ஸ்டேஷன் வரை தினமும் போய் வந்தவன் என்பதால் எனக்கு இதில் ஏதோ அதிகாரம் இருப்பதாக நினைக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒரு பட்டியல். தண்ணீர் எத்தனை அடியில், உப்பா நல்லதா, ஸ்டேஷனுக்கு நடக்கலாமா, பள்ளிக்கூடம் எப்படி, பத்து வருஷத்தில் விலை ஏறுமா. தெரிந்ததைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் கேள்வி அத்துடன் முடிந்துவிடுவதாக எனக்குப் படவில்லை. ஓர் இடம் வசிக்க விரும்பத்தக்கதா என்று எடை போடும்போது, தராசைப் பிடித்திருப்பவன் தன்னை எந்தத் தட்டிலும் வைத்துக்கொள்வதில்லை. அவன் அங்கே போய்க் குடியேறுவதால் அந்த இடத்துக்கு என்ன ஆகிறது என்பது கணக்கில் வருவதே இல்லை. இடம் அவனுக்கு ஏற்றதா என்பது மட்டுமே கேள்வி. இடத்துக்கு அவன் ஏற்றவனா என்பது கேள்வியே இல்லை.

எழுதுகிறவர்களிடம் இந்த விஷயத்தில் இரண்டு மனோபாவங்களைப் பார்க்கிறேன். ஒன்று, புறநகரைப் பரிகசிப்பது. ஒரே அச்சில் வார்த்த வீடுகள், மொட்டைமாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, 'கார்டன்' என்றும் 'அவென்யூ' என்றும் பெயர் எழுதிய வளைவு. கலாசாரம் என்று ஒன்றுமில்லை. மற்றது, விட்டுவந்த கிராமத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவது. முதலாவதைச் செய்பவர் பெரும்பாலும் மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ பூர்வீக வீடு உள்ளவர். இரண்டாவதைச் செய்பவர் பெரும்பாலும் புறநகரில் இருந்துகொண்டே செய்கிறார். இரண்டும் யோசிக்க மறுப்பதன் விளைவுகள். இந்தச் சிறு வட்டத்தில் கணிசமானவர்கள் தாம்பரத்துக்கு அப்பாலோ, ஆவடிக்கு அப்பாலோ இருந்துதான் எழுதுகிறோம். நாம் இருக்கும் இடத்தைப் பற்றி நமக்கே ஒரு தெளிவு வேண்டாமா?

*

வரவுப் பக்கத்தை முதலில் எழுதிவிடுகிறேன். அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது.

1931ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர்கேஜ் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. சம்பளம் ஓர் இடத்தில், தூக்கம் வேறிடத்தில் என்ற ஏற்பாடு சாமானிய குமாஸ்தாவுக்குச் சாத்தியமானது அதிலிருந்துதான். 2004 ஜூலையில் கடைசி மீட்டர்கேஜ் வண்டி ஓடி முடிந்தபோது, இந்தத் தடத்தில் இரண்டு மூன்று தலைமுறைகள் பிழைத்திருந்தன. செங்கல்பட்டு வரை 60 கிலோமீட்டர். அந்த 60 கிலோமீட்டரில் சொந்த வீடு என்ற ஒன்றை அடைந்தவர்களில் மிகப் பலர், நகரத்துக்குள் இருந்திருந்தால் ஆயுள் முழுக்க அதை அடைந்திருக்க மாட்டார்கள்.

வாடகைக்குக் குடியிருந்தவனுக்குத்தான் இதன் அர்த்தம் தெரியும். காலையில் எத்தனை குடம் தண்ணீர் பிடிக்கலாம் என்று இன்னொருவர் தீர்மானிப்பார். அசோகமித்திரனின் 'தண்ணீர்' படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ராத்திரி விளக்கு எத்தனை மணி வரை எரியலாம், விருந்தாளி எத்தனை நாள் தங்கலாம், சமையலறையிலிருந்து என்ன வாசனை வரலாம் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதாத ஷரத்துகள். "நீங்க எந்தப் பக்கம்? அங்கே எந்தத் தெரு?" என்று சுற்றி வளைத்து ஜாதி கேட்பார்கள். பிடிக்காத பதில் வந்தால், வீடு நேற்றே பேசி முடிந்துவிட்டிருக்கும். இந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லாத வாசலுக்காக ஒருவன் 40 கிலோமீட்டர் போகிறான் என்றால் அது அற்ப ஆசை அல்ல. சொந்தச் சாவியில் ஒரு மானம் இருக்கிறது.

கிராமத்தைப் பற்றிய பெருமூச்சுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இந்தியக் கிராமத்தைப் பற்றிச் சொன்னது, அதை லட்சியமாக்கியவர்களுக்குப் பிடிக்கவில்லை. குறுகிய பற்றும் அறியாமையும் வகுப்புவாதமும் ஊறிய இடமாகவே அவர் அதைப் பார்த்தார். புதிய அரசியல் சட்டம் தனிமனிதனைத் தன் அலகாகக் கொண்டதற்காகச் சந்தோஷப்பட்டார். நம் கிராமங்களில் ஊர் வேறு, சேரி வேறு. அந்த வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வராமல் ஒரு புது இடத்தில் குடியேற முடியும் என்ற வாக்குறுதி புறநகரில் உண்டு. வாக்குறுதி முழுக்க நிறைவேறவில்லை. மனை விற்பவரிடம் 'அக்கம்பக்கம் யார்' என்று விசாரிக்கும் குரல் இன்னும் தணிந்த குரலாகத்தான் இருக்கிறது. ஆனாலும், யார் வீட்டுக்கு எது எதிர்வீடு என்பதைப் பிறப்பு தீர்மானிக்காத தெருக்கள் இங்கே உண்டாகியிருக்கின்றன. இது சிறிய விஷயமில்லை.

*

செலவுப் பக்கத்தில் முதலில் வருவது காலம்.

போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி. மாதம் 25 நாள், வருஷம் 12 மாதம் என்றால் 750 மணி நேரம். 30 வருஷ உத்தியோகத்தில் 22,500 மணி. இரவு பகலாகச் சேர்த்தால் இரண்டரை வருஷத்துக்கு மேல். இரண்டரை வருஷத்தை ஒருவர் ரயிலில் கழித்தார் என்று சொன்னால் சிறைவாசம் போலக் கேட்கிறது. ஆனால் நான் பார்த்த ரயில் சிறை அல்ல. பெண்கள் பெட்டியில் கீரை ஆய்வார்கள், பூத் தொடுப்பார்கள். இந்தப் பெட்டியில் சீட்டாடுகிறவர்களும் ஸ்லோகம் சொல்கிறவர்களும் பரீட்சைக்குப் படிக்கிறவர்களும் ஒரே இருக்கையில் உட்கார்ந்திருப்பார்கள். நம்மில் பலர் வாசித்த கனமான புத்தகங்களில் பாதியை அந்த இருக்கைகளில்தான் வாசித்தோம். புறநகரில் சந்தைத் திடல் என்று ஒன்று இருக்கிறதென்றால் அது ஓடும் ரயில்தான்.

எனவே நேரம் வீணாகிறது என்பது என் வாதம் அல்ல. வாதம் வேறு. இத்தாலிய இயற்பியலாளர் செஸாரே மார்க்கெட்டி 1994ல் ஒரு கருத்தை முன்வைத்தார். அதற்கு முன் யாகோவ் ஸஹாவி செய்த ஆய்வுகள் அதற்கு ஆதாரம். மனிதர்கள் சராசரியாக ஒரு நாளில் சுமார் ஒரு மணி நேரத்தைத்தான் போக்குவரத்துக்குக் கொடுக்கிறார்கள். நடந்த காலத்திலும் அவ்வளவுதான், வாகனம் வந்த பிறகும் அவ்வளவுதான். அப்படியென்றால் வேகம் நேரத்தை மிச்சப்படுத்தவில்லை, ஊரைப் பெரிதாக்கியது. நம் தடத்தில் அந்த அளவும் எப்போதோ தாண்டிவிட்டது. 2025 ஏப்ரலில் இதே தடத்தில் குளிர்சாதன மின்சார ரயில் வந்தது. வியர்வை குறையும், தூரம் குறையாது.

இந்த நஷ்டத்துக்கு எங்கேயாவது ஈடு கிடைத்துவிடும் என்பது பொருளாதார சாஸ்திரத்தின் நம்பிக்கை. மலிவான வீட்டிலோ கூடுதல் சம்பளத்திலோ அது வந்து சேராவிட்டால் யார் அவ்வளவு தூரம் போய்வருவார்கள் என்று அது கேட்கும். 2004ல் ஸூரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ப்ரூனோ ஃப்ரே, அலாய்ஸ் ஸ்டுட்ஸர் இருவரும் ஜெர்மானியக் குடும்பங்களைப் பற்றிய தகவல்களை வைத்து இதைச் சோதித்தார்கள். அதிக நேரம் பயணிக்கிறவர்கள் தங்கள் வாழ்க்கையில் குறைந்த திருப்தியையே சொன்னார்கள். ஈடு வந்து சேரவில்லை. வீட்டை வாங்கும்போது கூடுதல் அறை கண்ணுக்குத் தெரிகிறது; அதற்காகக் கொடுக்கப்போகும் விடியற்காலைகள் தெரிவதில்லை. அதிலும் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்த விடியல் நாலரை மணிக்கு அடுப்படியில் தொடங்குகிறது. குடும்பத்துக்கு வீடு, விலையில் பெரும்பங்கு அவளுடையது.

எனக்கு இதைவிட முக்கியமாகப்படுவது வேறொன்று. இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறவன் தன் ஊரைப் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை வெளிச்சத்தில் அவன் பார்ப்பது ஒரு கடைத்தெருவை. எந்த வாய்க்கால் எங்கே போகிறது, எந்த மரம் எப்போது வெட்டப்பட்டது, பக்கத்துத் தெருவில் யார் செத்துப்போனார்கள் என்பதற்கெல்லாம் பகல் தேவை. அந்தப் பகல் நகரத்துக்கு விற்கப்பட்டுவிட்டது.

*

நகரமும் கிராமமும் சேர்ந்த ஓர் இடம் என்ற கனவுக்கு ஒரு நல்ல பரம்பரை இருக்கிறது. 1898ல் எபனேஸர் ஹோவர்ட் என்ற லண்டன் சுருக்கெழுத்தாளர் வெளியிட்ட புத்தகம், 1902ல் 'நாளைய தோட்ட நகரங்கள்' என்ற பொருளுள்ள தலைப்பில் மறுபடி வந்தது. அதில் மூன்று காந்தங்களை வரைந்தார். நகரம் ஒரு காந்தம், கிராமம் ஒரு காந்தம். இரண்டின் நன்மைகளும் சேர்ந்த மூன்றாவது காந்தத்தை நோக்கி ஜனங்கள் தாமாகவே வருவார்கள் என்றார். 6,000 ஏக்கர் நிலம், அதில் நகரம் 1,000 ஏக்கர், மற்றது வயல். மொத்தம் 32,000 பேர். 1903ல் லெட்ச்வொர்த்தில் வேலை தொடங்கியது.

ஹோவர்டின் திட்டத்தில் உயிர் எங்கே இருந்தது? வேலை அங்கேயே இருக்க வேண்டும்; ரயில் ஏறிப் பிழைக்கப் போகக் கூடாது. நிலம் தனித்தனியாக யாருக்கும் சொந்தமில்லை. ஜனங்கள் வந்து சேர்வதால் ஏறுகிற நிலமதிப்பு அந்த ஜனங்களுக்கே பொதுவாகத் திரும்ப வேண்டும். நம்மிடம் வந்து சேர்ந்தது 'கார்டன்' என்ற பெயர் மட்டும். வேலை போரூரிலும் கிண்டியிலும் பாரிமுனையிலும். ஏறுகிற மதிப்பு மனை போட்டவருக்கும், கொஞ்சம் மனை வாங்கியவனுக்கும். இதற்கு விலக்காக நினைக்கப்பட்டது மறைமலை நகர். அரசாங்கம் துணை நகரமாகத் திட்டமிட்டு, தொழிற்சாலைகளையும் வீடுகளையும் சேர்த்து வைக்க முயன்ற இடம். வேலையைக் கொண்டுவந்த பெரிய ஆலைகளில் ஒன்றான ஃபோர்ட், 2021ல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து 2022ல் நிறுத்தியபோது, வேலை ஊருக்குச் சொந்தமாவதும் அவ்வளவு சுலபமில்லை என்று தெரிந்தது.

*

அடுத்தது தண்ணீர். இங்கேதான் கேள்வி சௌகர்யத்திலிருந்து தர்மத்துக்கு நகர்கிறது.

செங்கல்பட்டுப் பிரதேசம் ஏரிகளின் பிரதேசம். ஒரு ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். அது நிறைந்து அதற்கடுத்ததற்கு. ஆதனூர் ஏரியிலிருந்து போகும் தண்ணீர் அடையாற்றின் தலைநீர்களில் ஒன்று. இந்தச் சங்கிலியின் கண்ணிகளுக்கு நடுவே இருந்த வயல்கள்தாம் மனைகளாயின. மனை வாங்குகிறவன் வில்லங்கச் சான்றிதழ் கேட்கிறான். அந்த மண் யாருக்கெல்லாம் அடமானம் போயிற்று என்று அதில் இருக்கும். தண்ணீருக்கு அந்த மண் பட்டிருக்கும் கடன் எந்த வில்லங்கத்திலும் வராது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருக்களில் படகு போயிற்று. தண்ணீர் தன் பழைய வழியைத்தான் தேடிக்கொண்டு வந்தது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது பலமானதும்கூட. நகரத்துக்காரன் இதைச் சொல்ல அருகதை உள்ளவனா? தியாகராய நகர் எங்கே இருக்கிறது? மாம்பலத்தின் நீண்ட ஏரியை 1920களில் வற்றவைத்துத்தான் அந்த நகர் உருவாயிற்று. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது, ஏரி இல்லை. 1976ல் திறந்த வள்ளுவர் கோட்டமும் நுங்கம்பாக்கத்தின் ஏரி நிலத்தில்தான் நிற்கிறது. அங்கெல்லாம் வீடு வைத்திருப்பது இன்று கௌரவம். அப்படியானால் விரும்பத்தக்க இடம் என்பது, அழித்ததை மறக்கப் போதுமான காலம் கடந்துவிட்ட இடம்தானா? கூடுவாஞ்சேரிக்கு இன்னும் ஐம்பது வருஷம் கொடுத்தால் அதுவும் மறந்துவிடும், அவ்வளவுதானா?

மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன், முடிவை ஏற்க முடியவில்லை. மறதி ஒரு குற்றத்தைப் பழசாக்கலாம், தண்ணீரை மேட்டில் ஏற்ற முடியாது. மேலும், சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022ல் விரிவாக்கப்பட்டது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் பேருந்து நிலையம் திறந்தாயிற்று. 'புறம்' இன்னும் தெற்கே நகர்கிறது. மாம்பலத்தில் ஓர் ஏரி போயிற்று என்பது, இனி போகப்போகும் ஏரிகளுக்கு நியாயமாகாது.

வேறொரு பழைய விஷயத்தை நினைத்துக்கொள்கிறேன். உத்திரமேரூர் செங்கல்பட்டிலிருந்து அதிக தூரமில்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் அங்கே வெட்டிய கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் பாடப்புத்தகங்களில் பெயர் பெற்றவை. அந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். வாரியத்துக்குப் பெயர் எழுதத் தகுதிகளில் ஒன்று, சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினர்களும் தகுதியற்றவர்கள். அதை ஜனநாயகம் என்று கொண்டாட நான் தயாரில்லை. அது வேதம் கற்ற பிராமண நிலவுடைமையாளர்களின் சபை, ஏரியில் மண் சுமந்தவனுக்கு அங்கே ஓலை கிடையாது. ஆனால் ஒரு சம்பந்தம் என்னை உறுத்துகிறது. சொந்த வீடு என்பது அங்கே ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கான தகுதி, ஒரு கடமையின் தொடக்கம். நமக்கோ சொந்த வீடு எல்லாக் கடமைகளின் முடிவு. தவணை கட்டி முடித்தவன் யாருக்கும் எதுவும் பாக்கியில்லை என்று நினைக்கிறான்.

அவனை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஏரியைப் பார்த்துக்கொள்ளப் பகல் வேண்டும் அல்லவா? அவனுடைய பகல் ரயிலிலும் ஆபீஸிலும் இருக்கிறது. ஓய்வு பெற்றவர்கள் சங்கம் வைத்து மனு கொடுக்கிறார்கள். மனுவில் கேட்பது தங்கள் தெருவை உயர்த்த. உயர்த்திய தெருவின் தண்ணீர் அடுத்த தெருவுக்குப் போகிறது. அடுத்த தெருவும் மனு கொடுக்கிறது. மேட்டில் இருக்கும் ஒவ்வொரு வீடும் பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்குக் கடன்பட்டது என்பதை எந்த மனுவிலும் நான் பார்த்ததில்லை.

*

இந்தக் கேள்வி தமிழில் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள் நுழையுமுன் மதிலுக்கு வெளியே தங்குகிறார்கள். காதைக்கே 'புறஞ்சேரி இறுத்த காதை' என்று பெயர். அது அறவோர் வசிக்கும் இடம். மாடலனும் கவுந்தியடிகளும் கோவலனிடம் சொல்வது, இந்தப் புறத்து இருப்பு துறவிகளுக்கன்றி இல்லறத்தாருக்குப் பொருந்தாது, பொழுது சாயுமுன் நகரத்துக்குள் போய்விடு என்பது. புறநகர் குடும்பஸ்தனுக்கு ஏற்றதா என்று கேட்டு, இல்லை என்று தீர்ப்பளித்த முதல் உரையாடல் இதுதானோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பொருளை வேண்டாதவனுக்கே புறம்; பொருள் வேண்டுகிறவனுக்கு உள்ளே. நாம் அதைத் தலைகீழாக்கிவிட்டோம். பொருள் சேர்க்கவே புறத்துக்கு வருகிறோம்.

ஆனால் கதை அங்கே நிற்பதில்லை. அந்த இருவருக்கும் வீடு கொடுப்பவள் மாதரி என்ற இடைச்சி. கவுந்தி கண்ணகியை அவளிடம் அடைக்கலமாகக் கொடுக்கிறார். ஊரே எரிந்து எல்லாம் முடிந்த பிறகு, அடைக்கலத்தைக் காப்பாற்ற முடியாமற் போனதற்காக மாதரி தீயில் விழுந்தாள் என்று பின்னால் கேள்விப்படுகிறோம். கொலைக்குக் காரணமானவர்களில் அவள் ஒருத்தி அல்ல. இருந்தும் தன்னிடம் வந்து தங்கியவர்களுக்குத் தான் பொறுப்பு என்று நினைத்தாள். அவள் செய்ததை யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை. அவள் எதைத் தன்னுடையதாக எண்ணினாள் என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன்.

நாம் வருவதற்கு முன்னாலும் இந்த இடங்களில் ஆட்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். மாடு மேய்த்தவர்கள், வயலில் கூலிக்குப் போனவர்கள், மதகு திறந்தவர்கள். இன்று அவர்களில் பலர் நம் வாசலில் காவல் இருக்கிறார்கள், நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார்கள். "இங்க மின்னே என்னாங்க இருந்துச்சு?" என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை, ரயிலுக்கு நேரமாகிவிடுகிறது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது சர்வே எண்ணைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களிடம் நாம் விருந்தாளியாகவும் வந்து சேரவில்லை, பிறகு வருகிறவர்களுக்கு விருந்து கொடுப்பவர்களாகவும் ஆகவில்லை. இடையில் எங்கோ, சாவியும் சீசன் டிக்கெட்டுமாக நிற்கிறோம்.

ஆக, கூடுவாஞ்சேரி விரும்பத்தக்க இடமா? விரும்பத்தக்க தன்மை மண்ணில் புதைந்து கிடந்து, வாங்கினவனுக்குக் கிடைக்கும் பொருள் அல்ல என்றுதான் எனக்குத் தெளிவாகிறது. சாவியின் மானம் உண்மை. விடியற்காலைகளின் நஷ்டமும் உண்மை. இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று கழித்து ஒரு விடை கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் மானம் கிடைப்பதும் நஷ்டப்படுவதும் எப்போதும் ஒரே ஆள் அல்ல. ஒருவனுடைய மேட்டுக்கு இன்னொருவன் பள்ளத்தால் விலை கொடுக்கிறான். அந்த இன்னொருவன் யார் என்று தெரிந்துகொண்டு, அவனுக்குப் பதில் சொல்லச் சம்மதிக்கிறவனுக்கு இது வசிக்கத்தக்க இடம்தான். சம்மதம் இல்லாதவனுக்கு மயிலாப்பூரும் அப்படித்தான், வெறும் முகவரி.

என்னைக் கேட்கிறவர்களுக்கு நான் இப்போது சொல்வது இவ்வளவுதான். மனையைச் சித்திரையில் போய்ப் பார்க்காதீர்கள். அப்போது எல்லா மண்ணும் ஒன்றுபோல் இருக்கும். கார்த்திகையில், இரண்டு நாள் அடைமழைக்குப் பிறகு, வேலை நாளாக லீவு போட்டுப் பகலில் போங்கள். வளைவில் குடை பிடித்து நிற்கும் தரகரை விட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி மாடு ஓட்டிக்கொண்டு வருகிற பெரியவரிடம் கேளுங்கள்: "ஐயா, இந்தத் தண்ணி இங்கேருந்து எங்கே போகுது?" அவர் கை காட்டும் திசையில் யாருடைய வீடு இருக்கிறது என்று நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து, பிறகு முன்பணத்தைப் பற்றி யோசியுங்கள்.